உரு

நீராவிக்கு நிறம் இல்லை.
வால்வு கழன்றபோது நான் பார்த்தது
எதிர்ச்சுவர் நெளிந்ததை மட்டும்தான்.
அவிந்த நெல்லின் வாசம் அன்றைக்கு
என்னிடமிருந்து வந்தது.

மன்னார்குடி மில்லிலிருந்து தஞ்சாவூருக்கு
உமி லாரியில் கொண்டுபோனார்கள்.
வழியெல்லாம் யாரோ
"தூங்காதே தையல், தூங்காதே" என்று.
எப்படித் தூங்குவது,
வலது தொடை முழுக்க விழித்துக்கொண்டு கிடக்கும்போது.

முதல் ஆறு நாள் துணிக்கட்டு.
காலை பத்து மணிக்கு மரியசூசை வருவார்.
உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து உரிப்பார்.
துணி போகும். துணியோடு
ராத்திரியெல்லாம் நான் வளர்த்த தோலும் போகும்.
ஒன்பதே முக்காலுக்கே
பக்கத்துக் கட்டில் சிறுமி
காதைப் பொத்திக்கொள்வாள்.

ஏழாம் நாள் டாக்டர் ஜெஸிந்தா
ஒரு தாளை நீட்டினார்.
"புது முறை. மீன் தோல். சம்மதம்னா கையெழுத்து."
என்ன மீன் என்று கேட்டேன்.
அதைத்தான் முதலில் கேட்கத் தோன்றியது.
"ஜிலேபி."

ஜிலேபியா!
பாமணி ஆற்றில் தூண்டில் போட்டவன்
விரால் சிக்காத நாளில்
வாய்க்குள் திட்டிக்கொண்டே பையில் போடுகிற மீன்.
எங்கிருந்தோ வந்து
எங்கள் குளம் குட்டையெல்லாம் தனதாக்கிக்கொண்டது.
விருந்தாளிக்கு வைக்கமாட்டோம்.
விலை பத்து ரூபாய் ஏறினால்
கூடைக்காரியிடம் சண்டைக்கு நிற்பேன்.

போட்டேன் கையெழுத்து.
தையல்நாயகி என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
டாக்டர் சிரித்தார்:
"இதுக்குத் தையலே கிடையாதும்மா."

சாம்பல் நிறம்.
செதில் எடுத்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பிறை.
அரிசி களைந்த கையின் குளிர்ச்சி.
ஈரத்தோடு வைத்தார்கள். அது
பிடித்துக்கொண்டது.

மறுநாள் பத்து மணி.
மரியசூசை வந்தார்.
ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.
போய்விட்டார்.
அப்போதுதான் நான் அழுதேன்.

வீட்டுக்காரர் போனில்
"வால் முளைச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு
நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.
குரல் உடைந்தது எனக்குத் தெரியக்கூடாதாம்.

வார்டுக்கு ஒரு சாம்பல் பூனை வரும்.
கட்டிலடியில் நின்று மூக்கைத் தூக்கியது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
பன் தூளை நக்கிவிட்டு அது போயிற்று.
பூனைக்கே தெரியாத மீனோடு
பதினோரு நாள் படுத்திருந்தேன்.

இது எந்தத் தண்ணீரில் திரும்பியிருக்கும்,
இடப்பக்கத் தோலா வலப்பக்கமா,
மின்விசிறிக்குக் கீழே இப்படி
ஒரு மில்காரியோடு விழித்துக் கிடப்பதை
மீன் என்னவென்று நினைக்கும்
என்று ஓடும் ராத்திரியில்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

பிறகு அது காய்ந்தது.
கருவாட்டு நிறமாகி ஓரம் தூக்கியது.
வாசலின் தடவிக் கத்தரித்தார்கள்.
அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு தோல்,
எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத நிறம்.
கத்தரித்ததை மஞ்சள் பையில் போட்டார் மரியசூசை.
"குடுங்களேன்."
"குடுக்கக் கூடாதும்மா, ரூல்ஸ்."
பையின் வாயைக் கட்டினார், இரண்டு முடிச்சு.

தை மாதம் வைத்தீஸ்வரன் கோயில்.
உப்பும் மிளகும் வாங்கியாயிற்று.
உருக் கடையில் வெள்ளித் தகட்டில்
கண்கள் ஒரு தட்டு, கைகள் ஒரு தட்டு,
நூலில் கட்டித் தொங்கும் கால்கள்.
தோல் இல்லை.
தோலை எப்படித் தகட்டில் அடிப்பது,
தகடே அல்லவா அது.

"காலை வாங்கு, தொடையும் அதுல அடங்கிடும்"
என்றார் வீட்டுக்காரர்.

"மீன் இருக்கா?"

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
"யாருக்கு நோவு? மீனுக்கா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நான் ஆமாம் என்றேன்.